நினைவு இருக்கும்போதே

2009ஆம் ஆண்டுக் கோடையில், நான் வாழும் அமெரிக்காவிலும் நான் பிறந்த மாநிலத்திலும் ஒரே பேச்சாக இருந்தது: பெரிய நோய் வந்தால் செலவை யார் ஏற்பது? ஜூலை 23 அன்று தமிழ்நாட்டில் ‘உயிர் காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம்’ தொடங்கியது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு, 4 ஆண்டுகளில் 1 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு அரசே பிரீமியம் கட்டியது. ஸ்ரீரங்கத்திலிருந்து தொலைபேசியில் பேசிய அம்மா, சித்திரை வீதியில் பூ விற்கும் பெண்மணி தன்னிடம் கேட்டதைச் சொன்னாள்: “அந்த அட்டையக் காட்டினா தில்லைநகர் ஆஸ்பத்திரிக்குள்ள எல்லாம் நம்மள விடுவாங்களாம்மா?”

அந்த வாரங்களில் ஒஹாயோவில் எங்கள் தெருவில் இருந்த அச்சம் வேறு. ஆஸ்பத்திரிக்குள் விடுவார்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. உள்ளே போன வயதானவர்களைச் செலவு மிச்சமாகட்டும் என்று சாக விட்டுவிடுவார்களோ என்றுதான் பயந்தார்கள். ஆகஸ்ட் 7 அன்று, அலாஸ்கா மாநில ஆளுநர் பதவியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த சாரா பேலின் ஃபேஸ்புக்கில் எழுதியது அந்தப் பயத்துக்குப் பெயர் கொடுத்தது. அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தம் நிறைவேறினால், தன் வயதான பெற்றோரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் குழந்தையும் அதிகாரிகளின் ‘மரணக் குழு’ முன்னால் நிற்க வேண்டிவரும் என்றார் அவர். சில நாட்களில் நாடு முழுவதும் அந்தச் சொல் பரவியது. தொகுதி மக்களைச் சந்திக்க வந்த நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பார்த்து முதியவர்கள் கத்தினார்கள், சிலர் அழுதார்கள்.

அந்தச் சட்ட வரைவின் 1233ஆம் பிரிவில் இருந்தது எளிய விஷயம். 65 வயதுக்கு மேற்பட்டோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இருப்பவர் ஒருவர், தன் கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தன் மருத்துவரிடம் உட்கார்ந்து பேச விரும்பினால், 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த மருத்துவரின் நேரத்துக்கு மெடிகேர் பணம் கொடுக்கும். பேச வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. ஓரிகான் மாநில உறுப்பினர் ஏர்ல் புளூமனாவர் கொண்டுவந்த யோசனை அது. எந்தக் குழுவும் அதில் இல்லை. ஆகஸ்ட் 11 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் போர்ட்ஸ்மத் நகரில் அதிபரே மேடையேறி மறுத்துப் பார்த்தார். பயம் அடங்கவில்லை. கடைசியில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டுத்தான் 2010 மார்ச் 23 அன்று சட்டத்தில் கையெழுத்திட்டார். அரசியல்வாதிகளின் கூற்றுகளைச் சரிபார்க்கும் பொலிடிஃபாக்ட் என்ற அமைப்பு, ‘மரணக் குழு’ என்பதை 2009ஆம் ஆண்டின் மிகப் பெரிய பொய் என்று அறிவித்தது. நீக்கிய அதே ஏற்பாடு 2016 ஜனவரி 1 முதல் மெடிகேர் விதிகளின் வழியாக நடைமுறைக்கு வந்தது. அப்போது அதைப் பற்றித் தெருவில் ஒருவரும் பேசவில்லை.

பொய் என்று தெரிந்த பிறகும் அந்தப் பயத்தை என்னால் அலட்சியம் செய்ய முடியவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக இருந்தார். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வேறு மாநிலங்களில். அவருக்கும் அந்தப் பயம் இருந்தது. விவரம் தெரியாதவர் அல்ல. தினமும் இரண்டு செய்தித்தாள் படிப்பவர். ஒருநாள் மாலை வேலியருகே நின்று, “உங்கள் நாட்டில் வயதானவர்களை அரசாங்கம் என்ன செய்கிறது?” என்று என்னிடம் கேட்டார். “அரசாங்கம் அந்தப் பக்கமே வருவதில்லை, எல்லாம் பிள்ளைகள்தான்” என்றேன். “அப்படியானால் பிள்ளைகளிடம் கடைசிக் காலத்தைப் பற்றிப் பேசுவார்களா?” என்றார் அடுத்ததாக. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவருடைய பயத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. புதிய சட்டத்துக்கான பணத்தின் ஒரு பகுதி, பத்து ஆண்டுகளில் மெடிகேர் செலவில் ஏறக்குறைய 50,000 கோடி டாலரைக் குறைப்பதிலிருந்து வரும் என்று சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று சொல்லித் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் மனிதர்களைக் கைவிட்ட கதைகளை அவர் பார்த்திருந்தார். 1965இல் மெடிகேராகக் கிடைத்த ஒரே உறுதியான பாதுகாப்பிலும் கை வைக்கிறார்களே என்று ஒரு முதியவர் நினைத்தால், அவரை அறியாதவர் என்று ஒதுக்கக் கூடாது. “நான் செலவாகிவிட்டேன், சுமையாகிவிட்டேன்” என்ற வேதனையே அந்தக் கூட்டங்களில் கோபமாக வெளிப்பட்டது. அந்த வேதனைக்கு அமெரிக்கா, இந்தியா என்ற வேறுபாடு கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அதே வேதனையோடு வாழ்ந்த ஒருவரின் கடைசி நாட்கள்தான் இந்த விஷயத்தை எனக்குப் புரியவைத்தன.

என் பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தர வீதியில் வீடு. காலையில் காவிரியில் குளியல், பிறகு பெருமாள் சேவை, மாலையில் திண்ணை. எண்பதைத் தாண்டியபின் அடிக்கடி சொல்வார்: “என்னை ஆஸ்பத்திரியிலே போட்டு இழுத்தடிக்காதீங்கோ. கடைசி மூச்சு இந்த ஆத்துலதான் போகணும். கோவில் மணி காதுல விழற தூரத்துல இருக்கேன், அது போறும்.” அவர் இதைத் தொடங்கும்போதெல்லாம் பெரியம்மா, “என்ன பேச்சு இது, நாக்குல சனி” என்று வாயை அடைப்பாள். எங்கள் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசுவது சாவை அழைப்பதற்குச் சமம். ஆகவே அவர் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தும் எந்தத் தாளிலும் இல்லை.

இப்படிச் சொல்வதை எழுதி வைத்தால் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, பெரியப்பாவுக்கு மூளையில் பெரிய ரத்தக்கசிவு. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். வென்டிலேட்டர் பொருத்தப்பட்டது. நினைவு திரும்பவே இல்லை. மூன்று வாரம் அப்படியே போயிற்று. தினமும் காலையில் கவுன்டரில் பணம் கட்ட வேண்டும். மருந்துச் சீட்டு வெளியே வரும், யாராவது ஓடிப் போய் வாங்கி வர வேண்டும். ஐ.சி.யூ. கதவு நாளுக்கு இருமுறை சில நிமிடங்கள் திறக்கும். பெரியப்பாவின் மகனான அண்ணா கலிபோர்னியாவிலிருந்து இரவெல்லாம் பேசினார்: “என்ன செலவானாலும் பரவாயில்லை, எல்லாம் பண்ணச் சொல்லு.” மருத்துவர் வெளியே வந்து பெரியம்மாவிடம், “நாங்க முடிஞ்சதைப் பண்றோம்மா. நீங்கதான் முடிவு சொல்லணும்” என்றார். பெரியம்மா மன்னியைப் பார்த்தாள், மன்னி கைப்பேசியைப் பார்த்தாள். எதைப் பற்றி முடிவு சொல்ல வேண்டும் என்று யாரும் விளக்கவில்லை.

நிரந்தர வைப்புத் தொகையை உடைத்துக் கட்டிய பணமும் தீர்ந்தபின், திருச்சியில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான் மிஞ்சியது. மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸில் ஒருவர் காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே காவிரிப் பாலத்தைக் கடந்தார். வீட்டுக் கூடத்தில் குழாயை எடுத்தபின் பெரியப்பா சில மணி நேரம் மூச்சுக்குத் திணறினார். அந்தத் திணறலைத் தணிக்க மருந்து உண்டு, முறை உண்டு. அதை அறிந்த ஒருவரும் அப்போது அந்த வீட்டில் இல்லை, ஏனென்றால் மருத்துவமனையின் கணக்கில் அவர் ஆலோசனையை மீறிப் போய்விட்ட நோயாளி. கடைசி மூச்சு அவர் கேட்ட இடத்தில் போயிற்று. அதற்கு முன் நடந்த எதுவும் அவர் கேட்டது அல்ல.

ஒஹாயோ மூதாட்டி பயந்தபடி பெரியப்பாவின் விதியை எந்த அரசாங்கக் குழுவும் தீர்மானிக்கவில்லை. கையிருப்புப் பணமும், வழக்கு வந்துவிடுமோ என்ற மருத்துவரின் தயக்கமும், தொலைபேசியில் வந்த மகனின் பாசமும், மனைவியின் மௌனமும் சேர்ந்து தீர்மானித்தன. அவருடைய சொல் மட்டும் அதில் சேரவில்லை.

தொலைவிலிருந்து பேசும் பிள்ளைகளைப் பற்றி அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் 1991இல் ஒரு கட்டுரை வந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்களும் மருத்துவர்களும் நோயாளியின் விருப்பப்படி அமைதியான முடிவுக்கு ஒத்துக்கொண்டிருக்கும்போது, வெகுதூரத்திலிருந்து வரும் உறவினர் எல்லாச் சிகிச்சையும் செய்தாக வேண்டும் என்று வலியுறுத்துவதை அது விவரித்தது. ‘கலிபோர்னியாவிலிருந்து வந்த மகள்’ என்பதே அந்த நிலைமைக்கு மருத்துவர்கள் வைத்த பெயர். அவர்கள் எழுதியது வட அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றி. ஆனால் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் மூத்தவர்கள் தனியே இருக்க, பிள்ளைகள் சான் ஹோசேயிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நமக்குத்தான் அது மிகவும் பொருந்தும். நமக்குப் பாசம் குறைவு இல்லை. அப்பா மெல்ல மெல்லத் தளர்ந்ததை நாம் கண்ணால் பார்க்கவில்லை. கடைசியாகப் பார்த்த அப்பா படியேறி மாடிக்கு வந்தவர். அவரைத் திரும்பக் கொடு என்றுதான் தொலைபேசியில் கேட்கிறோம். அந்தச் செலவைத் தாங்குவது ஒருவேளை நாமாக இருக்கலாம், அந்த வலியைத் தாங்குவது அவர்.

ஸ்ரீரங்கத்தில் பிறந்தவளுக்கு இந்த இடத்தில் பெரியாழ்வார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அரங்கனை நோக்கி அவர் பாடிய திருமொழி ஒன்றில், உடல் தளர்ந்து உயிர் பிரியும் வேளையில் உன்னை நினைக்க என்னால் முடியாமல் போகும், அதனால் புத்தி தெளிவாக உள்ள இன்றே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு நீ காக்க வேண்டும் என்று கேட்கிறார். கடைசி நொடியில் மனிதனுக்குத் தன் வாயும் மனமும் சொந்தமாக இருக்காது என்பதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார். சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்பது நம் சமயம் கற்றுக்கொடுத்தது அல்ல. பெரியப்பா அந்தப் பாசுரத்தைத் தினமும் சொல்வார். பெருமாளிடம் முன்கூட்டிச் சொல்ல அவருக்கு அனுமதி இருந்தது, வீட்டாரிடம் சொல்லத்தான் இல்லை.

இன்று சட்டம் அந்த அனுமதியைத் தருகிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலி அருணா ஷான்பாக், 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். அவருடைய வழக்கில், சில நிபந்தனைகளோடு உயர் நீதிமன்ற அனுமதி பெற்று உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் பொதுவாக ஒப்புக்கொண்டது. அருணாவுக்கு மட்டும் அதை அனுமதிக்கவில்லை, ஏனென்றால் அவரைப் பல ஆண்டுகள் பேணிய செவிலியர் அவர் வாழ வேண்டும் என்றார்கள். 2015இல் அவர் இயல்பாகக் காலமானார். ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றும், ‘லிவிங் வில்’ எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உயில் செல்லும் என்றும் தீர்ப்பளித்தது.

அன்று விதித்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாதபடி கடினமாக இருந்தது. உயிலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும், மருத்துவக் குழுவில் 20 ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் வேண்டும். தீவிர சிகிச்சை மருத்துவர்களின் சங்கம் முறையிட்டதால் 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதை எளிமையாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். தனக்காகப் பேச வேண்டியவர்கள் யார் என்று ஒருவரையோ சிலரையோ பெயர் சொல்லலாம். பிரதியை உள்ளாட்சி அமைப்பில் இதற்கென்று நியமிக்கப்படும் அதிகாரியிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் உயிலைத் திரும்பப் பெறலாம்.

தமிழ்நாட்டிலும் அச்சம் இருக்கிறது, அதுவும் நியாயமானதே. சொத்துக்காகப் பிள்ளைகள் முந்திக்கொண்டால் என்ன ஆகும்? தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில், முடியாமல் கிடக்கும் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டிச் சாகவிடும் கொடுமை நடந்த மாநிலம் இது. அந்த ஊர்களில் ஒரு முதியவர் எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தே நடுங்கியிருப்பார். சட்டத்தில் இரண்டு குழுக்கள் இருப்பது அந்த முதியவருக்காகத்தான். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதலில் ஆராய்கிறார்கள். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் உட்பட வேறு மூவர் தனியாகச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவைச் செயல்படுத்துமுன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஊசி போட்டு உயிரைப் போக்குவது இன்றும் குற்றமே. மீள வழியில்லாத நிலையில் இயந்திரத்தை விலக்கி, நோயைத் தன் போக்கில் விடுவதற்கு மட்டுமே இந்த அனுமதி. ‘குழு’ என்ற சொல்லைக் கேட்டு 2009இல் அமெரிக்க முதியவர்கள் அஞ்சினார்கள். இந்தியாவில் அந்தக் குழு, தனியாக நிற்கும் ஒரு பெரியம்மாவின் தோளிலிருந்து பாரத்தை இறக்குவதற்காகவும் அமைக்கப்பட்டது.

ஆனால் தாளும் குழுவும் மட்டும் போதாது. இங்கிலாந்தில் லிவர்பூல் வழிமுறை என்று ஒன்று இருந்தது. இறக்கும் தறுவாயில் இருப்பவர்களை வலியில்லாமல் வழியனுப்ப நல்லெண்ணத்தோடு உருவாக்கப்பட்டது. நாளடைவில் சில மருத்துவமனைகளில் அது வெறும் படிவமாகிவிட்டது. அப்பாவை அந்த வழிமுறையில் வைத்திருக்கிறார்கள் என்பதே பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான குழு விசாரித்து, 2013இல் அதைக் கைவிடப் பரிந்துரைத்தது. பேச்சு இல்லாத இடத்தில் நல்ல படிவம்கூட மனிதனைக் கைவிடும். அதற்கு மாறாக விஸ்கான்சின் மாநிலத்தில் லா கிராஸ் என்ற சிறு நகரில் 1990களின் தொடக்கத்திலிருந்து மருத்துவமனைகள் சேர்ந்து இந்தப் பேச்சை ஊர் வழக்கமாகவே ஆக்கிவிட்டன. அங்கே இறக்கும் பெரியவர்களில் பெரும்பாலோர் தங்கள் விருப்பத்தை எழுதி வைத்துவிட்டே இறக்கிறார்கள். மரணக் குழு என்ற கூச்சல் நாடெங்கும் எழுந்தபோதும் அந்த ஊர் இந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. தங்கள் பெற்றோர் எப்படிப் போனார்கள் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

என் பக்கத்து வீட்டு ஆசிரியை அந்தக் கோடைக்குச் சில ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயால் காலமானார். தன் மருத்துவரிடமும் மூன்று பிள்ளைகளிடமும் பேசி, கையெழுத்திட்டு வைத்திருந்தார். மெடிகேர் செலவிலேயே, இறுதிக்காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸ் சேவையின் செவிலி வீட்டுக்கு வந்தார். வலி மருந்தைப் பிள்ளைகள் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். தான் எதற்குப் பயந்தாரோ அதே பேச்சுதான் கடைசியில் அவரைக் காத்தது. அந்தச் செவிலி போன்ற உதவிக் கை ஸ்ரீரங்கத்துக்கும் வர வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் அடங்கும். அது ஒவ்வொரு வீதிக்கும், இரவில் மூச்சுத் திணறும் நேரத்துக்கும் எட்ட வேண்டும். வென்டிலேட்டருக்குக் காப்பீடு தேடும் நாம், வலி தணிக்கும் மருந்துக்கும் அதைக் கொடுக்கத் தெரிந்த செவிலிக்கும் அதே உறுதியோடு குரல் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் என் போன்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வங்கி நாமினி விவரம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: “உங்களுக்கு நினைவு தவறிவிட்டால் என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது, யார் பேச்சைக் கேட்கணும்?” அவர்கள் பேச்சை மாற்றினால் மறுநாள் மீண்டும் கேளுங்கள். எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்று சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள்; அதுவும் அவர்களுடைய உரிமை. எழுதியதில் நோட்டரியின் சான்று வாங்கி, குடும்ப மருத்துவரிடம் ஒரு பிரதி கொடுங்கள். ஊரில் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் யாரோ, அவர் பெயரை முதலில் போடச் சொல்லுங்கள். அந்த நாள் வரும்போது தொலைபேசியில் உங்கள் விருப்பத்தைச் சொல்லாதீர்கள், அவர்கள் சொன்னதைப் படித்துக் காட்டுங்கள். பெற்றவர்களுக்கு நாம் செய்யும் கடைசிக் கடமை அதுதான்.